நாலு ஜெபமாலை தூரம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது திருட்டுச் சரக்கு.

பட்டிமன்றங்களுக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பது என் தொழில். மேடையில் கைதட்டு வாங்குகிறவர் வேறு ஆள், ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து வியர்க்கிறவன் நான். மாமியாரா மருமகளா, படிப்பா பண்பா, எந்தத் தலைப்பாக இருந்தாலும் இரண்டு அணிக்கும் நானே எழுதுவேன். காலையில் மருமகளுக்காக அழுதுவிட்டு, சாயங்காலம் மாமியாருக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். தண்டையார்பேட்டை தமீம் என்றால் பேச்சாளர்களுக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள். ஆகவே என்னை முழுசாக நம்பாதீர்கள்.

2024 டிசம்பரில் நயினார் ஐயா கூப்பிட்டார். ஆறுமுகநயினார், திருவொற்றியூரில் ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், எங்கள் பக்கத்துப் பட்டிமன்றங்களுக்கு நிரந்தர நடுவர். பொங்கல் வாரத்தில் ஒரு மேடையாம். தலைப்பு: 'பருவநிலை மாற்றத்துக்குப் பெரிதும் காரணம் மனிதனா, இயற்கையா?' ஏற்பாடு ஒரு கம்பெனி. பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். எண்ணூர் பக்கம் புகைக் கூண்டு வைத்திருக்கிற கம்பெனி என்பதோடு விடுகிறேன். [அங்கே புகைக் கூண்டு இல்லாத கம்பெனி எது என்று கேட்காதீர்கள். அதற்காகத்தானே அப்படிச் சொன்னேன்.]

புகை விடுகிறவனே புகையைப் பற்றிப் பட்டிமன்றம் வைக்கிறான் என்றதும் எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. இயற்கைதான் என்று தீர்ப்பு வர வேண்டும், அதானே ஐயா என்றேன். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அவர்களுக்குச் சம்மதம் என்றார். அதைக் கேட்டதும் சந்தேகம் இன்னும் கூடிப்போனது. யார் ஜெயித்தாலும் சம்மதம் என்கிறவன் எதை வைத்து ஆடுகிறான்?

தீர்ப்பையும் என்னையே எழுதச் சொன்னார்கள். 'நாம் அனைவருமே காரணம், ஆளுக்கொரு மரம் நடுவோம்' என்று முடித்தேன். வாசலில் கொடுப்பதற்கு வேப்பங்கன்று முன்கூட்டியே சொல்லியாயிற்று.

2

இனி கதை. மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'கடல் வருவதும் போவதும் மனிதன் கையில் இல்லை என்று நம்பினாள் ஜானட். அவள் நம்பிக்கை' — வேண்டாம். அவள் எதை நம்பினாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. இந்தக் கதையின் தலைவலியே அதுதான்.

'சாம்பல் படிந்த வானத்தின் கீழ் ஒரு மீனவப் பெண்' — சீ. எண்ணூருக்கு வருகிற எழுத்துக்காரன் ஒவ்வொருவனும் முதலில் சாம்பலில்தான் கை வைக்கிறான்.

'ஜானட் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள்.' இது உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

ஜானட்டுக்கு ஐம்பத்தாறு வயது. ராயபுரத்தில் பிறந்து, எண்ணூர் பக்கம் ஒரு குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். முகத்துவாரக்குப்பம் இல்லை, அங்கிருந்து கொஞ்சம் தள்ளி. பெயரை மறைக்கிறேன், காரணம் போகப் போகத் தெரியும். கட்டினவன் கஸ்பார், நல்ல நெட்டை, சொந்த வீட்டு நிலையிலேயே தினம் தலையை இடித்துக்கொண்டவன். சுனாமி அன்றைக்குப் புருசனும் பெண்டாட்டியும் கரையில் சிலுவை நிறுத்தியிருக்கிற குருசடி மேடையில் ஏறி நின்று பிழைத்தார்கள். அலை கடைசிப் படியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

அடுத்த வருசம் அதே தேதியில் கஸ்பார் ஒரு நேர்த்திக்கடனை ஆரம்பித்தான். குருசடியிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வெறுங்காலோடு நடப்பது. சின்ன மணி ஒன்றுக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே', நடையில் ஒரு எட்டு. பெரிய மணி வந்தால் நின்று பரலோக மந்திரம் சொல்ல வேண்டும், அதற்கு எட்டு வைக்கக் கூடாது. ஈர மணலை மிதித்ததும் நிறுத்தி, எத்தனை எட்டு என்று ஒரு நோட்டில் எழுதுவான்.

2005-ல் இருநூற்றுப் பன்னிரண்டு வந்தது. ஜெபமாலைக்குச் சின்ன மணி ஐம்பத்து மூன்று. அப்படியானால் பிசகில்லாமல் நாலு ஜெபமாலை. மாதாவே அளந்து கொடுத்த தூரம் என்று கஸ்பார் குப்பமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

(ஓதம் ஏறி இறங்குமே, அது கணக்கில் சேருமா என்று படித்தவர்கள் கேட்பீர்கள். காலைப் பூசை முடிந்த கையோடு, மூன்று தடவை நடந்து, நடுவே வருகிற எண்ணைத்தான் எழுதுவார்கள். உங்களைவிடவும் என்னைவிடவும் அவர்கள் கடலை அதிகம் பார்த்தவர்கள்.)

அதற்கப்புறம் எண் இறங்க ஆரம்பித்தது. 208, 203, அப்படியே இறங்கி 2012-ல் நூற்றுத் தொண்ணூற்றொன்று. கடல் கிட்டே வந்துகொண்டிருந்தது. 2013 ஐப்பசியில் கஸ்பார் கடலுக்குப் போனான். படகு கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை.

அந்த டிசம்பரில் ஜானட் அவனுடைய ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அவனுடைய நேர்த்தியை நடந்தாள். குப்பமே பின்னால் வந்தது. இருநூற்று நாற்பத்தேழு.

கடல் ஒரேயடியாகப் பின்னுக்குப் போயிருந்தது. கஸ்பார் உள்ளே போய் முதுகைக் கொடுத்துத் தள்ளிவிட்டான் என்றார்கள். ஜானட் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம், பெண்கள் தாங்கிப் பிடித்தார்களாம். அன்றிலிருந்து குருசடியில் அவன் பெயரில் ஒரு விளக்கு எரிகிறது. இன்றைக்கும் படகு இறக்கும்போது 'கஸ்பாரண்ணே, பாத்துக்க' என்று சொல்லிவிட்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

3

2024-ல் அரசாங்க சர்வே ஆட்கள் வந்து, முன்வரிசை நாற்பத்தொரு வீட்டுச் சுவரிலும் சிவப்பு மையில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். ஜானட் வீடு ஆறாம் நம்பர். உலகம் சூடாகிறது, கடல் ஏறுகிறது, இங்கே இருப்பது ஆபத்து, வெகுதூரம் உள்ளே தள்ளி அடுக்குமாடியில் வீடு தருகிறோம் என்றார்கள். குப்பம் நம்பவில்லை. நாம் போன மறுநாள் இங்கே ரோடு வரும், பின்னாலேயே கண்டெய்னர் லாரி வரும், அதற்குத்தான் இந்தச் சூடு எல்லாம் என்று பேசிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்லதுக்குத்தான் என்று யாராவது சொன்னால் வடசென்னைக்காரன் முதலில் ஜேப்பைத் தொட்டுப் பார்ப்பான்.

கஸ்பாரின் தம்பி பிராங்கிளின்தான் ஊர்ப் பஞ்சாயத்தில் முன்னால் நிற்கிறவன். அவன் அண்ணியின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு சேர்த்தான். 2013-க்குப் பிறகு எண் மறுபடி இறங்கிக்கொண்டிருந்ததை அவன் பெரிதுபடுத்தவில்லை: முதல் வருசம் 212, போன வருசம் 215. கடல் வரவே இல்லை, மூன்று எட்டு பின்னாலே போயிருக்கிறது, எதற்கு எங்களை எடுக்கிறீர்கள்? அதிகாரிகளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சர்வே நின்றுபோனது. நோட்டு நிற்கிற வரைக்கும் நாற்பத்தொரு வீடும் நிற்கும் என்று ஆகிவிட்டது.

இந்தச் செய்தி எப்படியோ நயினார் ஐயா காதுக்குப் போனது. 'இயற்கையே' அணியில் மண்ணின் சாட்சியாக அந்த அம்மாவை மூன்று நிமிடம் பேசவைக்கலாம், நீ போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வா என்றார். பிராங்கிளினுக்கும் சந்தோசம், மேடையில் சொன்னால் பேப்பரில் வரும் என்று. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். இங்கே இரண்டு தரப்பும் சாட்சிக்காரி காலில் விழுந்தன.

டிசம்பர் இருபத்தாறு காலையில் போனேன். சர்வே ஆட்களுக்காகப் படம் எடுக்க வந்தவனோ என்று பிராங்கிளின் என் போனை வாங்கி ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டான். ஜானட் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எங்க வூட்டுக்காரு ஒசரம் நீ என்றாள். நானும் அதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் அவள் நடந்தாள். பக்கத்திலேயே நானும் நடந்தேன், வாய்க்குள் எண்ணிக்கொண்டே. எழுதுகிறவனுக்கு விவரம் வேண்டாமா? மூன்றாம் தடவை முடிந்து நோட்டைத் திறந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. கஸ்பார் முதல் வருசம் எழுதிய அதே எண், அதே நாலு ஜெபமாலை. பிராங்கிளின் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதுவிட்டான்.

என் வாய்க்குள் இருந்த எண் நூற்று அறுபத்தொன்று.

4

இந்த இடத்தில் கதையை நிறுத்தியிருக்கலாம். 'எண்ணிக்கையில் நான்தான் தவறினேன் போலும்' என்று ஒரு வரி எழுதி — அடித்துவிட்டேன்.

எல்லோரும் கலைந்த பிறகு குருசடியில் இருந்து மறுபடி நடந்தேன். நூற்று அறுபத்து மூன்று. திரும்பும்போது மணலைப் பார்த்தேன். என் காலடிகளும் அவள் காலடிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் மூன்று வைத்த இடத்தில் அவள் நாலு வைத்திருந்தாள்.

அவ்வளவுதான் விசயம். 2013-ல் கடல் எங்கேயும் போகவில்லை. நெட்டையான ஆம்பிளையின் எட்டுக்குக் கீழே சேலை கட்டின குட்டைப் பெண்ணின் எட்டை எழுதிவிட்டார்கள், ஒரே நோட்டு, ஒரே பத்தி. நேர்த்தி ஒன்றுதானே, அதனால் யாரும் யோசிக்கவில்லை. என் உயரக்காரனான கஸ்பார் இன்றைக்கு நடந்தால் நூற்று அறுபது சொச்சம்தான் வரும். அவன் கணக்கில் ஐம்பது எட்டு கடல் உள்ளே வந்துவிட்டது.

குப்பத்துக்கு இது தெரியாதா? வலை காயப்போட்ட இடம் பாதியாகிவிட்டது, படகுகளை நெருக்கியடித்து ஏற்றி வைத்திருக்கிறார்கள். கேட்டால் மழைக்காலம் மண்ணை எடுத்துவிட்டது, கோடையில் திருப்பிக் கொடுக்கும் என்கிறார்கள். நோட்டில் வேறு அப்படி எழுதியிருக்கும்போது கண்ணை எதற்கு நம்ப வேண்டும்?

[கட்டுரை மாதிரி ஒரு பத்தி, மன்னியுங்கள். என்னை 'இயற்கையே' கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். நிலக்கரியை எரித்தால் காற்று சூடாகும், சூடானால் கடல் ஏறும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லை நீட்டினால் வடக்கே மண் கரையும், அதிலும் இல்லை. மனிதன்தான் செய்தான். இரண்டு பக்கத்துக்கும் எழுதுகிறவனுக்கு எந்தப் பக்கம் பொய் என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தக் கம்பெனி ஏன் இரண்டு பக்கத்துக்கும் சம்மதம் என்றது என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.]

அப்புறம் ஜானட். அவள் மேலேயே எனக்குச் சந்தேகம் விழுந்தது. பிசகில்லாமல் இருநூற்றுப் பன்னிரண்டில் வந்து நிற்க வேண்டும் என்று கடைசி ஜெபமாலையில் எட்டைக் குறுக்கினாளோ?

5

அவளிடமே போனேன். வீட்டு முன்னால் தார்ப்பாயில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். கேட்கத் தைரியம் இல்லாமல் நெத்திலி விலை கேட்டேன், காற்று பலமா என்று கேட்டேன். கடைசியில் சொல்லிவிட்டேன், அண்ணன் எட்டும் உங்கள் எட்டும் ஒன்றில்லையே அக்கா என்று.

கை நிற்கவில்லை. நெத்திலியைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்.

"மூணாவது வருசமே தெரியும் பாய்."

எழுந்து வந்து வாசல் சிமெண்டைக் காட்டினாள். வாசல் பூசிய அன்றைக்கு, ஈரம் காயுமுன் கஸ்பார் அவசரமாக வெளியே நடந்து பாழாக்கிவிட்டானாம். இரண்டு காலடி அப்படியே பதிந்து கிடந்தது, வலது ஒன்று, இடது ஒன்று. அவன் போன மூன்றாம் வருசம் ஒருநாள், கூட்டிப் பெருக்கும்போது, சும்மா அவன் காலடிமேல் காலை வைத்துப் பார்த்திருக்கிறாள். பின்காலை வைத்துவிட்டு முன்காலை நீட்டினால் எட்டவில்லை. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே நின்றாளாம். அவனைக் கடல் எடுத்துக்கொண்டதுதான் மிச்சம், அவன் எதையும் தள்ளவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இரண்டாம் தடவை தாலியறுத்த மாதிரி இருந்துச்சு என்றாள். முதலில் கஸ்பாருக்காக வாயை மூடினாள். அப்புறம் சுவரில் சிவப்பு மை வந்தது, வீடுகளுக்காக மூடினாள்.

எட்டைக் குறுக்கினீர்களா என்று கேட்டேன். முறைத்தாள்.

"மாதா பேர சொல்லி வெச்ச எட்டு அது. அதுல டபாய்க்க மாட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேச்சை மாற்ற, பட்டிமன்றத் தலைப்பைச் சொல்லி, நீங்கள் எந்தக் கட்சி, மனிதனா இயற்கையா என்றேன். அவள் தலையை நிமிர்த்தி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிற புகைக் கூண்டுகளைப் பார்த்தாள்.

"மனுசன் மனுசன்றியே, அதுல நான் கீறனா?"

எல்லோரும்தான் அக்கா என்றேன். என் தீர்ப்பிலேயே அப்படித்தானே எழுதியிருந்தேன்.

"அவுரு எட்டையும் என் எட்டையும் ஒரே நோட்டுல எய்துனதுக்கே இம்மாம் பெரிய பொய் ஆயிப்போச்சு. என் அடுப்பையும் அவன் பொகக் கூண்டையும் ஒண்ணா சேத்து மனுசன்னு எய்துனா, அது எம்மாம் பெரிய பொய்யி?"

இருபது வருசமாகப் பட்டிமன்றம் எழுதுகிறேன், இப்படி ஒரு வரி என் பேனாவில் வந்ததில்லை. கம்பெனிக்கு எந்தப் பக்கமும் சம்மதம் ஆனது ஏன் என்று அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. இயற்கை என்றால் யாரும் இல்லை. மனிதன் என்றால் எல்லோரும். எப்படிப் போட்டாலும் அவன் பெயர் வராது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதை மேடையில் சொல்லுங்கள் அக்கா என்றேன். கை துறுதுறுத்தது, மறைக்க மாட்டேன், கைதட்டு இப்போதே என் காதில் கேட்டது.

"சொல்லலாம். சொன்னா நோட்டு பூடும். கடலு வந்துச்சுன்னு சொன்னா சர்வேக்காரன் என்னத் தூக்குவான். எவன் கொண்ணாந்தான்னு சொன்னா அவனத் தூக்குவானா?"

சொல்லாவிட்டாலும் நிம்மதி இல்லை என்று அவளே சொன்னாள். அடுத்த புயல் ஆறாம் நம்பர் வீட்டுக்கு வந்தால் நோட்டைக் காட்டியா நிறுத்த முடியும்? பிராங்கிளினுக்கு மூன்று பிள்ளைகள், பதினோராம் நம்பரில் தூங்குகின்றன. அவர்களைத் தூங்கவைத்திருப்பது தன் பொய்தான் என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை என்றாள்.

கடைசியில் இரண்டு தாளும் எழுதச் சொன்னாள். ஒன்றில் நயினார் ஐயா கேட்டது, இருநூற்றுப் பன்னிரண்டும் இயற்கையும். இன்னொன்றில் அவள் இப்போது சொன்ன இந்தப் பேச்சு. மைக் முன்னால் போய் நின்றபிறகு எதை எடுப்பது என்று முடிவு செய்வாளாம். ஒரு நிபந்தனை போட்டாள்.

"மேடையில நான் சொன்னா, அப்பால நீ எங்க வோணா எய்திக்கோ. சொல்லலன்னா இந்தப் பேச்சு இந்த நெத்திலியோட காஞ்சி பூடணும்."

சத்தியம் கேட்டாள். அல்லா மேல் வேண்டாம், தொழில் மேல் பண்ணு என்றாள். பண்ணினேன். என் தொழில் என்னவென்று உங்களுக்கு தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

6

முடிவுகள் கைவசம் உள்ளன.

ஒன்று. ஜானட் முதல் தாளை எடுக்கிறாள். நாலு ஜெபமாலை என்றதும் அரங்கம் எழுந்து நிற்கிறது. பிராங்கிளின் விசில் அடிக்கிறான். மறுநாள் பேப்பரில் படம். நாற்பத்தொரு வீடும் அடுத்த புயல் வரைக்கும் நிற்கின்றன.

இரண்டு. தாள் இரண்டையும் கீழே வைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கம்பெனி அதிகாரியை மேடைக்குக் கூப்பிடுகிறாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீயும் நட, நானும் நடக்கிறேன், எண்ணுவோம் என்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே நடக்கிறார். இரண்டு எண்ணும் வேறு வேறாக வந்ததும் அவள் நோட்டைத் திறக்கிறாள். யாரும் கைதட்டவில்லை. பிராங்கிளின் எழுந்து வெளியே போகிறான். அன்றைக்குக் குருசடியில் கஸ்பார் விளக்கில் எண்ணெய் ஊற்ற ஒருத்தரும் வரவில்லை.

மூன்று. அவள் சொல்லக் கேட்ட சர்வே ஆட்கள் சிவப்பு மை டப்பாவோடு நேரே போய்ப் புகைக் கூண்டில் நம்பர் போடுகிறார்கள். [இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். ஆனால் கிழிக்க மனம் வரவில்லை.]

பட்டிமன்றம் நடந்தது. மேடைக்குப் பின்னால் வேப்பங்கன்றுகளுக்கு நடுவே நின்று கேட்டேன். ஜானட் மூன்று நிமிடம் பேசினாள், ஒரு தடவை குரல் உடைந்தது. நயினார் ஐயா நான் எழுதிய தீர்ப்பை ஒரு எழுத்து மாற்றாமல் படித்தார். அவள் எதைப் பேசியிருந்தாலும் அவர் அதைத்தான் படித்திருப்பார், ஆகவே அதை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள். எனக்கும் ஒரு கன்று கொடுத்தார்கள்.

எந்தத் தாள் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நிபந்தனை உங்களுக்குத் தெரியும், கதை உங்கள் கையில் இருக்கிறது. ஒன்று, அவள் மேடையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் நான் சத்தியத்தை மீறிய திருடனாக இருக்க வேண்டும். அவள் சொல்லியிருந்தால், ஊருக்கே தெரிந்த குப்பத்தின் பெயரை நான் ஏன் மறைக்கிறேன்? சொல்லாமல் இருந்திருந்தால், எண்களை ஏன் இவ்வளவு துல்லியமாக எழுதினேன்? இவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள், ஆளை எடைபோட அது போதும்.

நானும் உங்களை எடைபோட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சிவப்பு மை டப்பா வைத்திருக்கிறவர்களும் கதை படிப்பார்கள். அவர்களில் ஒருவர் உங்களிடம் வந்து, அந்தக் குருசடியிலிருந்து தண்ணீர் எத்தனை எட்டு என்று விசாரிக்கலாம். யாருடைய எட்டு என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகு சொல்வதும் சொல்லாததும் உங்கள் பாடு.